பெதஸ்தா குளத்துப் பாய்

தெர்மாகோலில் மண்டபம் கட்டுவது லேசான வேலை இல்லை, மேடம். மின்விசிறியைப் போட்டாலே சாய்ந்துவிடும். ஐந்து மண்டபம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். படுத்த படுக்கையானவர்களுக்கு ஒரு இல்லம் கட்ட, எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியம் வருடா வருடம் நிதி விழா நடத்தும். இந்த வருடம் பெதஸ்தா குளம் நாடகம். முப்பத்தெட்டு வருடம் நோயில் கிடந்தவனை இயேசு எழுப்பி, படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்ன இடம். தார்ப்பாயில் தண்ணீர் ஊற்றிக் குளம்கூடச் செய்துவிட்டோம்.

அந்த நோயாளியாகப் பாயில் படுக்க வேண்டியவள் பொன்மணி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவள். பக்கவாதம் வந்து விழுந்த சமயம் அவள் பிள்ளைக்குப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். லிப்ட் ஓடாது. நான்தான் மந்தைவெளிக்கு அழைத்து வந்தேன். நான் ஓய்வு பெற்ற டீச்சர், தனிக்கட்டை. நாலு வருடமாகக் குளிப்பாட்டித் தலை வாரிக் கஞ்சி ஊட்டினேன். உடன்பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று சபையில் சொன்னார்கள். கேட்க எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

விழாவில் அவள் சாட்சி சொல்வாள். உங்கள் கோர்ட்டு சாட்சி இல்லை. ஆண்டவர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்வது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்வாள். ஆண்டவரில் ஆரம்பித்து என் பெயரில் முடிப்பாள்.

இந்த முறை மண்டப வேலையாக நான் அலைந்ததில், மூன்று வாரம் எங்கள் ஐக்கியத்து எஸ்தர்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். போன ஞாயிறு மத்தியானம் ஒத்திகை. எஸ்தரும் ரூபாவதியும் தூணுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்மணி பாயில் கையூன்றி எழுந்தாள். ஏழெட்டு அடி நடந்தாள்.

“இன்னாக்கா அப்டிப் பாக்குற? நடந்துக்கினுதானே கீறேன். விழா முடிஞ்சதும் பாயைச் சுருட்டிக்கினு எம் புள்ளையாண்ட போயிடுவேன். இப்போ லிப்ட்டு ஓடுதாம்.”

ரூபாவதி அழுதேவிட்டாள். “மேடையிலயும் இப்படியே நட, பொன்மணி. அதவிட சாட்சி வேணுமா?”

பாயைச் சுருட்டுவது அவர்களுக்கு வேதக் கதையாகக் கேட்டது. எனக்குத்தான் வெறும் தமிழாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த மூன்று வாரம் தவிர, நாலு வருடமாக அவளை விட்டு அரை நாள் நகர்ந்தவளில்லை. அவள் போய்விட்டால் அந்த இரண்டு அறைக்குள் நான் யாருக்குத் தலை வாருவது? போகாதே என்று கேட்டிருக்கலாம். கேட்டும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

நீங்கள் கேட்ட மாத்திரை, டாக்டர் எனக்குத் தூக்கத்துக்குக் கொடுத்தது. அவள் கால் தேறிவருகிறது என்று பிசியோதெரபிக்காரர் சொன்ன முதல் வருடத்திலிருந்தே கஞ்சியில் கரைத்து வந்தேன். கொஞ்சம்தான். சோர்ந்து கிடப்பாளே ஒழிய வலி இருக்காது. எஸ்தருக்கு இது தெரியாது. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அளவு கூடிவிட்டது. கூட்டியதும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என்னை ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், மேடம். இன்னும் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். விழித்ததும் அவளுக்குப் பசிக்கும். என் கையால் ஊட்டினால்தான் பொன்மணி சாப்பிடுவாள்.