தம்பிக்காகப் பேசினேன்

விசாரணை என்றால் யார் யார் இருந்தார்கள் என்பதில் தொடங்குவதுதான் முறை. அன்று மாலை அறையில் மேற்பார்வையாளர் இருந்தார். ஜன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தடுப்பில் 'வானொலி' என்று எல்லாரும் கூப்பிடும் ஆபரேட்டர் பெண் இருந்தாள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான் அல்ல. வைத்தவருக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது. தொலைபேசி இணைப்பின் ஒரு முனையில் என் தம்பி. மறுமுனையில் அந்த பஸ் கண்டக்டர் பெண். அவ்வளவு பேர்தான். என்னை நான் சேர்க்கவில்லை. ஆபரேட்டர் அழைப்பில் இருப்பவராகக் கருதப்பட மாட்டார் என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்த விதியே சொல்கிறது.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், அதிகாரிகள் யாரும் அந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. காது கேளாதவர் வீட்டில் இருக்கும் கருவியில் தட்டச்சு செய்வார். அது என் திரையில் வரும். அதை நான் மறுமுனையில் இருப்பவருக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் சொல்லும் பதிலைத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. 'நான்' என்றே சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பல்வலிக்காரனாக இருந்திருக்கிறேன். மாமியாரோடு மல்லுக்கு நிற்கும் மருமகளாக இருந்திருக்கிறேன். ஒரு முறை நிறைமாதக் கர்ப்பிணியாகவும் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் குரலுக்கு அந்த மரியாதை உண்டு.

சிறு திருத்தங்கள் செய்ததை மறுக்கவில்லை. குழாய் ரிப்பேர்காரரை ஒருவர் 'திருட்டுப் பயலே' என்று எழுதினார், நான் அதை 'ஐயா' என்று படித்தேன். ரிப்பேர்காரர் அன்றைக்கே வந்தார். மேற்பார்வையாளர் ஒரு தடவை என் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "சார், அவங்க என்ன எழுதுறாங்களோ அத மட்டும் படிங்க, போதும்" என்றார். கையில் ஆரஞ்சுத் தோலோடு நின்று எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார் மனிதர்.

என் குடும்பத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அப்பா நீதிமன்றத்தில் தலைமை எழுத்தர். எங்கள் வாசலில் நின்று யாரும் குரல் உயர்த்தியதில்லை. தம்பிக்குச் சிறு வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. அன்றிலிருந்து அவனுக்காக நான்தான் பேசினேன். பள்ளியில், கடையில், வேலை கேட்டுப் போன இடத்தில், கேள்வி அவனிடம் வரும், பதில் என்னிடமிருந்து போகும், அவன் தலையாட்டுவான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை அப்படித்தான் கிடைத்தது. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கும் அவனே காரணம் என்று உறவினர் சொல்வார்கள். கௌரவமான காரணம் என்பதால் நான் திருத்தியதில்லை.

அந்தப் பெண் கண்ணாடி வாங்க அவன் கடைக்கு வந்தவள். பஸ்ஸின் முன்படியில் நின்று பின்படிக்காரனை அதட்டும் தொண்டை. ஊரே கேட்டுச் சலித்த அந்தக் குரலைக் கேட்காத ஒரே ஆள் என் தம்பி. அவன் போய் அங்கே விழுந்தான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். போனதற்குக் காரணம் அந்தத் தொண்டை என்று நான் சொல்லமாட்டேன். பிறகு அவளைத் தூரத்து ஊர் டிப்போவுக்கு மாற்றினார்கள். கடிதம் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. தம்பி எங்கள் சேவையைப் பிடித்துக்கொண்டான்.

முதல் அழைப்பு என் திரையில் விழுந்தபோதே அது எங்கள் வீட்டு எண் என்று தெரிந்தது. உறவினர் அழைப்பு வந்தால் அடுத்த ஆபரேட்டரிடம் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அடுத்த ஆபரேட்டர் வானொலி. எங்கள் வீட்டு விஷயத்தை அவள் வாயில் போடுவதற்குப் பதில் நானே அதைத் தெருவில் வைத்துப் படித்திருக்கலாம். மாற்றவில்லை. அதன் பிறகு அவன் எண் அழைப்புப் பலகையில் மின்னினால் நான்தான் முந்தி எடுத்தேன். அவனுக்குத் தெரிவது ஆபரேட்டர் எண் மட்டும். "என் கால் எப்பவாவது உனக்கு வருதா?" என்று வீட்டில் ஒருநாள் கையால் கேட்டான். அறை பெரியது, யாருக்கு வருகிறதோ என்றேன்.

பேச்சு நடுவே அவள் ஒரு முறை, "உங்களுக்காகப் படிக்கிறவர் குரல் நல்லா இருக்குங்க, நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி" என்றாள். அதை நான் தட்டச்சு செய்யவில்லை. சம்பந்தமில்லாத விஷயம்.

இப்போது நீங்கள் கேட்கும் மாலைக்கு வருகிறேன். தம்பி எழுதினான், ஒரு சொல் மாற்றாமல் படித்தேன். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ஹெட்போனில் அவள் சிரிப்பு கேட்டது. "இதைக் கேக்க இத்தனை மாசமா? வண்டி வந்தா சட்டுனு ஏறிடணும்ங்க, படியில நின்னு யோசிக்கக் கூடாது. சரி. நூறு தடவை சரி."

நான் தட்டச்சு செய்தேன்: 'மன்னித்துக்கொள்ளுங்கள். நான் என் கணவரிடமே திரும்பிப் போகிறேன். இனிமேல் கூப்பிட வேண்டாம்.' எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

திரையில் 'சரி. நல்லா இருங்க' என்று வந்தது. அவன் முனை துண்டித்துக்கொண்டது.

ஆனால் அவள் இணைப்பில் இருந்தாள். பதிலுக்குக் காத்திருக்கிற பெண்ணிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மரியாதை ஆகாது. "ரொம்ப சந்தோஷம்" என்றேன். "வீட்ல அண்ணன்கிட்ட சொல்லணும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அண்ணன்னா அவ்வளவு பயமா?"

"பயமில்ல. மரியாதை."

அன்று தம்பி சாப்பிடவில்லை. அவள் முடியாது என்றுவிட்டாள் என்று கையால் சொன்னான். தோளில் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கருவி கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் மனது ஆறாது என்று பரணில் தூக்கிப் போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ இல்லையென்றால் நான் என்ன ஆவேன் என்று கேட்டான். அதே கேள்வியை நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எடுத்த எடுப்பில் அறுத்துவிடுவது எங்கள் குடும்பப் பழக்கம் அல்ல. அவளை மெதுவாகத்தான் விலக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் அவள் எண்ணை நானே போட்டேன், அழைப்புகள் தொடர்ந்தன. மறுமுனையில் அவள், இந்த முனையில் யாரும் இல்லை. பதில் சொல்லும் முன் தட்டச்சுக்கு ஆகும் நேரம் பொறுப்பேன். விசைகளைச் சும்மா தட்டுவேன். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். இருமினாள் என்றால் வெந்நீர் குடிக்கச் சொன்னேன். டிப்போ மேனேஜர் திட்டினார் என்றால் அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். தம்பிக்கு இதெல்லாம் தோன்றாது. மேற்பார்வையாளர் என் பின்னால் போவார், வருவார். என் திரை காலியாக இருக்கும். மனிதர் ஆரஞ்சைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டாள். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கடைசியில், "அவர் என்ன புலியா? நானே வந்து கேக்குறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வந்தே விட்டாள், காக்கிச் சட்டையோடு. கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்றேன்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது, பழக்கம். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க... அவரோட அண்ணனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"வெந்நீர் குடிக்கச் சொன்னது நீங்களா?"

என் தோளுக்குப் பின்னால் தம்பி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான், எங்களுக்கு முதுகைக் காட்டி. அவனை அவள் பார்த்துவிட்டாள். "ஏங்க! இங்க திரும்புங்க! ஏங்க!" என்று கூப்பிட்டாள். அந்தத் தொண்டையில் அவ்வளவு இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. தம்பி கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக்கண்ணாடி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவைச் சாத்தினேன். அவள் அதை அடித்தாள். அதிர்வு தரையில் வந்ததும் தம்பி திரும்பி, யார் என்று கையால் கேட்டான். வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றேன்.

அவள் கொடுத்த புகாரில் உள்ளதெல்லாம் உண்மை. அவள் சரி என்றாள். முடியாது என்று எழுதியது நான். தம்பியின் பெயரில் அத்தனை மாதம் பேசியதும் நான். கையெழுத்துப் போடத் தயார். அடுத்த வாரம் தம்பியை விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள். தாராளமாக விசாரியுங்கள். அவனுக்குப் பேச வராது. கூட நான் வருகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் பதிவாக வேண்டும். கிழவனுக்கே அந்தப் பெண் மேல் ஆசை, அதனால்தான் இத்தனையும் என்று வானொலி அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது சுத்தப் பொய். 'எந்நேரமும் உங்க ஞாபகமாவே இருக்கு' என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னவன் என் தம்பி.