சொல்லாமல் வந்த செவிலியருக்கு

மூச்சிரைக்கும் பிள்ளைகளின் வீடுகளை முகவரியே இல்லாமல் கண்டுபிடிக்கும் முதன்மைச் செவிலியரே, முப்பத்தோராண்டு எங்கள் முன்னே நடந்தவரே, குவயாமா ஊரின் குழந்தைகள் ‘மிஸ்ஸி’ என்று உரிமையோடு அழைக்கும் எனெய்தா மால்தொனாதோ அம்மையீர், வணக்கம்.

நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் உங்கள் பணிகளை வரிசையாகச் சொன்னால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே ஒரு வீட்டை மட்டும் சொல்கிறோம். அது நம் குழந்தைகள் நல நிலையத்தையே மாற்றிய வீடு.

பெரும் புயலுக்கு மறு ஆண்டு. கூரையில் நீலத் தார்ப்பாய், சுவரில் பூஞ்சை. உள்ளே எட்டு வயது யாரியெலிஸும் அவள் தாய் மிக்தாலியாவும். சில மாதங்களில் நான்கு முறை ஆஸ்துமாவோடு மருத்துவமனை. இன்னொரு நாள் விடுப்பெடுத்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று உணவக முதலாளி தாயிடம் சொல்லியாயிற்று. மகளோ, ஓடினால் இரைக்குமென்று வெளியே விடப்படாமல் டிவி முன்னே உட்கார்ந்தே எடை கூடினாள். மெலிந்தால் நோய் தாங்காதென்று அக்கம்பக்கத்தார் பாட்டில் பாட்டிலாக மால்ட்டா என்ற இனிப்புப் பானத்தைக் கொடுத்தார்கள்.

நீங்களும் நான்கு முறை போனீர்கள். நம் வழக்கப்படி இரண்டு நாள் முன்பே போனில் சொல்லிவிட்டுத்தான். நான்கு முறையும் வீடு பளபளத்தது. ‘குறையில்லை’ என்று எழுதினோம்.

ஐந்தாம் முறை உங்கள் கையெழுத்தை நீங்களே தவறாகப் படித்து, ஒரு நாள் முந்திப் போய்விட்டீர்கள். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, மூச்சை அடைக்கும் நெடியில் ஒரு வாளி பிளீச்சோடு மிக்தாலியா முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ மிஸ்ஸி, நாளைக்குத்தானே வரேன்னீங்க? வீடு இன்னும் ரெடியாகலையே!”

“யாருக்கு ரெடி பண்றே?”

“உங்களுக்குத்தான். கிளினிக்லேர்ந்து ஆள் வர்ற வீடு நாறலாமா?”

சுவரில் சாய்ந்திருந்த யாரியெலிஸ் இருமலுக்கு நடுவே சொன்னாள்: “நீங்க வர்றீங்கன்னாலே எனக்கு மூச்சு முட்டும் மிஸ்ஸி.”

நீங்கள் தாயைக் கடியவில்லை. ஜன்னலைத் திறந்தீர்கள், வாளியை வெளியே வைத்தீர்கள், பிள்ளையை வாசலில் உட்காரவைத்து இன்ஹேலர் கொடுத்தீர்கள். மூச்சு சீரானபின் இங்கே வந்து, அவளுடைய மருத்துவமனைத் தேதிகளையும் நம் வருகைத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். நான்கு முறையும், நாம் போன நாளின் இரவில்தான் அவள் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள்.

“தப்பு அம்மா மேல இல்ல. போன் பண்ணது நாமதான். இனி சொல்லாமயே போவோம்” என்றீர்கள்.

எங்களில் சிலருக்கு அது கசந்தது. “சொல்லாம ஒரு வீட்டுக்குப் போறது மரியாதையா?” என்று டாக்டர் எப்ரயின் கேட்டார்.

“என்னிக்குன்னு சொல்லாம வரலாமான்னு மொதல்லயே கேட்டுக்குவேன். உள்ள விட்டா அங்க காபி. விடலைன்னா வாசல் மாமரத்தடில காபி. உங்களுக்கு என்ன டாக்டர் நஷ்டம்?”

அவரே சிரித்துவிட்டார். போனும் நின்றது.

அதன்பின் அந்த வீட்டில் பிளீச் போய் சோப்புத் தண்ணீர் வந்தது. பூஞ்சை பிடித்த மெத்தை வெளியேறியது. கூரைத் தகட்டுக்காக நீங்கள் எழுதிய மனுக்கள் ஏழு. மால்ட்டா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. வேலை முடிந்த மாலைகளில், பையில் இன்ஹேலரோடு அவளைச் சதுக்கம் வரை நடத்திச் சென்றது எந்த உத்தரவிலும் இல்லாத வேலை. அடுத்த ஓராண்டில் ஒரு நாள்கூட அவள் மருத்துவமனையில் படுக்கவில்லை. தாயின் வேலையும் தப்பியது. இன்று நமக்குத் துவரைச் சோறு சமைத்து வந்திருப்பவர் அந்தத் தாய்தான். சற்றுமுன் மத்தளக்காரர் களைக்கும்வரை பொம்பா நடனம் ஆடியவள் அந்த மகள்தான்.

அன்பு மிகுந்த அம்மையீர், வீட்டைப் பார்க்கப் போகிறவர் வீட்டாரைக் குற்றம் பார்க்கக் கூடாதென்று எங்களுக்குக் காட்டினீர்கள். நன்றி. உங்கள் கிறுக்கல் கையெழுத்துக்கும் நன்றி.

நோயின்றி, சீரான மூச்சோடு நீண்ட காலம் வாழ்க. இந்தக் கூடத்தை இன்று வெறும் தண்ணீரால்தான் துடைத்தோம். இனி உங்களைப் பார்க்க நாங்கள் வருவோம். என்றைக்கு என்று சொல்லமாட்டோம். வீட்டைத் தேய்த்து வைக்காதீர்கள். காபி மட்டும் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
குழந்தைகள் நல நிலையப் பணியாளர்கள்,
குவயாமா