சமர்த்துப் பிள்ளைகள்

பிள்ளைகள் காப்பகம் நடத்தப் பொறுமை வேண்டும் என்பார்கள், மேடம். எனக்கு அது கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் என் காப்பகத்தில் மத்தியானத்தில் அழுகைச் சத்தமே கேட்காது. உங்கள் கையில் ஏதோ இருக்கிறது என்று தாய்மார்கள் மெச்சுவார்கள். இருந்தது. சளி மருந்து.

குடித்தால் கண் சொக்கும் மருந்து. சளி இல்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பால் பாத்திரத்திலேயே கலந்துவிடுவேன். டாக்டர்களே எழுதித் தருவதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பெற்றவர்களிடம் மட்டும் சொன்னதில்லை. இப்போது சொல்லவே நாக்கூசுகிறது.

அந்தப் பையனை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பாலைக் கண்டாலே தட்டிவிடுவான். அவன் ஆரம்பித்தால் தூங்குகிற மற்றவர்களும் எழுந்து கச்சேரியில் சேர்ந்துகொள்வார்கள். அவன் அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை, துணைக்கு ஆள் கிடையாது. இவன் இப்படியே இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். வரிசையாகத் தூங்கிய பிள்ளைகளைக் காட்டி, எவ்வளவு சமர்த்து பார் என்றும் சொன்னேன்.

மறுநாள் வாலு அவள் தோளில் துவண்டு சாய்ந்தபடி வந்தான். கண்டித்திருப்பாள் என்று நினைத்தேன். மத்தியானம் பாலையும் தட்டிவிடாமல் குடித்தான். அன்று எனக்கு அவன்மேல் பிரியமாகக்கூட இருந்தது. சாயங்காலம் அவள் வந்து தூக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான்க்கா கொன்னுட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களேன்னு பயந்து, காலையில தூங்குற மருந்து குடுத்துதான் கூட்டிட்டு வந்தேன்."

என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஆம், இறங்கியது. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த ஸ்டேஷனில் உங்களிடமும் அவள் அதையே சொல்லியிருக்கிறாள். காலையில் கொடுத்தது மட்டும் இவ்வளவு செய்யாது என்று டாக்டர் சந்தேகப்படுவதாகச் சொன்னீர்கள். டாக்டர் சொல்வது சரி. மீதி என் பாலில் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். சோறு பிசைந்து ஊட்டிவிடுகிறேன். நேற்று, "என்னை மன்னிப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.