சின்ன ஓட்டையா, முழுசா திறக்கறதா

...அட, இருங்கண்ணே, ஒரு நிமிஷம் இருங்க! கத்திய எடுத்ததும் வெச்சுடறதா? எங்க வைக்கறதுன்னு இன்னும் முடிவாகலயே! நடு நெஞ்சுலயா, வலது பக்கமா? அதக் கேட்டுத்தானே காலைலேர்ந்து எல்லாரும் என் உயிர வாங்கறாங்க. டாக்டரு கேக்கறாரு, நர்ஸம்மா கேக்குது, இப்ப நீங்களும் சோப்பு நுரையோட வந்து நிக்கறீங்க.

சரி, நுரையத் தடவுங்க. தடவறதுக்கு என்ன, தாராளமா தடவுங்க. கத்தி மட்டும் கொஞ்சம் பொறுங்க... ஸ்ஸ்ஸ், என்னண்ணே இவ்ளோ ஜில்லுனு இருக்கு! ஆபரேஷன் நாளைக்குன்னாங்க, நீங்க இன்னைக்கே ஆள முடிச்சுடுவீங்க போலிருக்கே.

ஆஸ்பத்திரியிலயே சவரம் பண்றதுதான் வேலையா உங்களுக்கு? வாயத் திறக்க மாட்டேங்கறீங்க. நல்ல வேலைண்ணே. என் தொழில்ல பேசாம இருந்தா ஒரு நாள் தள்ள முடியாது. நான் பைப் வேலை. குழாய், மோட்டார், டேங்க், அடைப்பு எல்லாம் பாப்பேன். எங்க பக்கத்துல பாதி வீட்டுக்கு வால்வு மாத்துனவன் நான்தான். இப்ப என்னோட வால்வு போச்சாம்! சிரிங்க, சிரிங்க, பரவால்ல. கேட்டவங்கல்லாம் சிரிச்சுட்டாங்க. டாக்டரு மட்டுந்தான் சிரிக்கல. அவரு படம் போட்டுக் காட்டறாரு. மூட வேண்டிய நேரத்துல சரியா மூடல, போற ரத்தம் திரும்பி வருது, அதான் மூச்சு வாங்குதுங்கறாரு. "தெரியும் சார், ரிட்டர்ன் அடிக்குது"ன்னேன். "ஆமா, அதேதான்"ன்னுட்டாரு. மரியாதையான மனுஷன். அதுவரைக்கும் அவர்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

அப்புறந்தாண்ணே ஆரம்பிச்சுது. இத சரி பண்ண ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு, நடு நெஞ்செலும்ப மேலேர்ந்து கீழ வரைக்கும் அறுத்து, ரெண்டு கதவாத் திறந்து, நேரா பாத்து வேலை செய்யறது. முடிஞ்சதும் எலும்ப கம்பி போட்டுக் கட்டிடுவாங்க. அது கூடற வரைக்கும் மாசக்கணக்குல கனம் தூக்கக் கூடாது. இன்னொண்ணு, இதோ, இந்த வலது பக்கம் விலா எலும்புக்கு நடுவுல ஒரு சின்ன வெட்டு. அது வழியா ஒரு கேமரா, நீள நீளமா கம்பி மாதிரி சாமான், அவ்ளோதான். தொடை இடுக்குல குழாய் போட்டு ரத்தத்த மிஷினுக்கு அனுப்பிடுவாங்களாம். எலும்பத் தொட மாட்டாங்க, சீக்கிரம் எந்திரிச்சு நடக்கலாம். ஆனா வேலை முடிய நேரம் இழுக்குமாம். "ரெண்டுமே உங்களுக்கு ஒத்து வரும், நீங்களே யோசிச்சு சொல்லுங்க"ன்னுட்டாரு!

ஏண்ணே, இது நியாயமா? நான் ஒரு வீட்டுக்குப் போயி, "அம்மா, சுவத்த உடைக்கட்டுமா, உடைக்காம செய்யட்டுமா, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டா என்ன ஆகும்? "அப்ப உன்ன எதுக்குய்யா கூப்பிட்டேன்"னு துடைப்பத்தத் தூக்க மாட்டாங்க? படிச்சவரு அவரு. படுக்கப் போறவன் நான். எங்கிட்ட கேட்டா?

இருங்க, போன் அடிக்குது. அந்தத் தலகாணிக்கு அடியில... ஆங், அதான். என் கை நுரையாச்சு, நீங்களே என் காதுல வைங்க... சொல்லுங்கம்மா! ஆமாம்மா, கெளம்பிட்டேன்... வந்துட்டே இருக்கேன்... இல்லம்மா, சத்தியமா, தெருமுனைல இருக்கேன்... கீழ ஒரு வாளி மட்டும் வெச்சுக்குங்க, இதோ வந்துட்டேன்.

வெச்சுட்டாங்களா? சரி. மாடி வீட்டம்மா. டேங்க் வால்வு ஒழுகுதாம்.

என்னண்ணே அப்படி பாக்கறீங்க? வேற என்ன சொல்றது? நெஞ்சுல நுரையோட படுத்திருக்கேன்னா? மனசு கஷ்டப்படுவாங்கள்ல. நான் யாருக்கும் முடியாதுன்னு சொன்னதே இல்லண்ணே. எல்லாருக்கும் வரேன்னுதான் சொல்லுவேன். போவேன் போகாம இருப்பேன், அது வேற விஷயம்.

எங்க விட்டேன்? ஆங், சின்ன ஓட்டை. அது மேல எனக்கு ஏன் நம்பிக்கை வரலன்னா, அந்தப் பாட்டே நான் பாடற பாட்டுண்ணே! "ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா, டைல்ஸு ஒண்ணு கூட ஆடாது, ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ள விட்டு முடிச்சுடறேன்." எத்தன வீட்டுல சொல்லியிருப்பேன்! சொல்லும்போது நம்பித்தான் சொல்லுவேன். ஓட்டை போட்டு கைய விட்டா பழைய பைப்பு பொடிப் பொடியா உதிரும். அப்புறம் என்ன, ஒரு டைல்ஸு, ரெண்டு டைல்ஸு, சாயங்காலம் பாத்தா சுவரே இருக்காது. அந்தம்மா இடுப்புல கைய வெச்சு நிப்பாங்க. "சிமெண்ட் வாங்கிட்டு வந்துடறேன்மா"ன்னு கெளம்பி வந்துடுவேன். அடுத்த வாரம் போவேன். இப்ப அந்த சுவரு இடத்துல நான் படுத்திருக்கேன்! உள்ள கைய விட்டுட்டு, "இருங்க, சிமெண்ட் வாங்கிட்டு வரேன்"னு டாக்டரு போயிட்டா?

பயமா இருக்குண்ணே. வெளிய யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட சொல்றேன். ராத்திரி கண்ண மூடவே இல்ல.

வீட்டுல கேக்கலாம்னா... ஐயோ, வீட்டப் பத்தி கேக்காதீங்க. நீங்க கேக்கல, சரி, நானே சொல்றேன். எங்கக்கா இருக்கே, அது முழுசாத் திறக்கற கட்சி. மாமாவுக்கு அப்படித்தான் செஞ்சாங்க, மனுஷன் இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்காரு. யாரு வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சட்டைய அவுத்து தழும்பக் காட்டாம சாப்பாட்டுல கை வைக்க மாட்டாரு. "கண்ணால பாத்து செய்யறதுதாண்டா வேலை. இருட்டுல துழாவறது என்ன வேலை?"ங்குது அக்கா. அதுவும் நியாயமாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரி சின்ன ஓட்டை கட்சி. அவ வேலை செய்யற கடை முதலாளிக்கு அப்படித்தான் செஞ்சாங்களாம், போன வேகத்துல வந்து கல்லாப்பெட்டிகிட்ட உக்காந்துட்டாராம். "மாசக்கணக்குல நீ வீட்டுல படுத்துக் கெடந்தா உன் வாய யாரு தாங்கறது?"ங்கறா. அதுவும் நியாயந்தான்.

ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தா என்னங்கறீங்களா? பேசினாத்தானே! ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னு வருஷக்கணக்கா ஆச்சு. எதுக்குன்னா... சொன்னா நீங்களே காறித் துப்புவீங்க. எங்க வீட்டு சமையக்கட்டு குழாய் ஒழுகும். எப்பவும் ஒழுகும். ஒரு நாள் அக்கா வந்துச்சு, "பைப்காரன் வீட்டுக் குழாயே இந்த லட்சணமா"ன்னுச்சு. இவளுக்கு சுருக்குனு ஆயிடுச்சு. "நான் வீட்ட பாத்துக்கற லட்சணத்தத்தான் குத்திக் காட்டறீங்க"ன்னா. அது ஒண்ணு சொல்ல, இவ ஒண்ணு சொல்ல... நான் என்ன பண்ணேன்? அக்காவ வாசல் வரைக்கும் கொண்டு விட்டு, "நீ சொன்னதுல தப்பே இல்லக்கா"ன்னேன். உள்ள வந்து இவகிட்ட, "அது அப்படித்தான், விடு, உன் மேலதான் நியாயம்"ன்னேன். அதுலேர்ந்து ரெண்டும் தன் பக்கந்தான் நியாயம்னு தெம்பா நிக்குதுங்க.

குழாயா? மாத்தல. நாளைக்கு மாத்திடணும். அதாவது, நாளைக்கு இல்ல.

இந்த ஆபரேஷன் விஷயமும்... ம்... எப்படிச் சொல்றது... கத்திய கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, சொல்றேன். அக்காகிட்ட, "உன் பேச்சுதான்க்கா, முழுசாவே திறந்துடச் சொல்லிட்டேன்"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரிகிட்ட, "உன் பேச்ச என்னைக்குத் தட்டியிருக்கேன், சின்னதுதான்"ன்னுட்டேன். ரெண்டு பேரும் இப்ப வெளிய அந்த ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. இந்தக் கோடில ஒண்ணு, அந்தக் கோடில ஒண்ணு. நடுவுல பழப் பை. ரெண்டு மூஞ்சியிலயும் ஜெயிச்ச களை. நல்ல வேளை பேசிக்கறதில்ல. பேசினா என் கதி? இந்த வால்வே தேவையில்ல, அங்கயே முடிஞ்சுது. சாயங்காலம் டாக்டரு வந்து ரெண்டு பேரையும் கூப்பிட்டு, முன்னாடி வெச்சுத்தான் கேப்பாராம். அவருகிட்ட மட்டும் எதுவும் சொல்லல, "யோசிச்சுட்டே இருக்கேன் சார், முடிஞ்சாப்பல"ன்னு சொல்லியிருக்கேன்.

நீங்க சொல்லுங்கண்ணே. எத்தன நெஞ்சப் பாத்திருப்பீங்க. எந்தப் பக்கம் வைக்கட்டும்? நீங்க எங்க கத்திய வைக்கறீங்களோ அதுவே என் முடிவுன்னு... அட, அட, என்னண்ணே, நடுவுல இழுத்துட்டீங்க! அப்ப முழுசாவா? இருங்க, இப்ப வலது பக்கமும் இழுக்கறீங்க... தொடைக்கும் போறீங்களே! என்னது? சத்தமா சொல்லுங்க... எந்த ஆபரேஷனா இருந்தாலும் முழுசாத்தான் வழிக்கணுமா?

அப்ப நீங்க எங்கிட்ட எதுவும் கேக்கவே இல்லயா? சும்மா நுரையத் தடவிட்டு நின்னீங்களா? ...ஆமா. நான்தான் பேசிட்டிருந்தேன்.

ஆனா எதுக்குண்ணே? சின்ன ஓட்டைக்கு எதுக்கு நெஞ்சு முழுசும்? ...ஓ. நடுவுல சிக்கலாச்சுன்னா அப்படியே திறக்கணுமா. அதுக்கு முன்னாடியே தயாரா வெச்சுக்குவாங்களா. டாக்டரும் ஏதோ சொன்னாருதான், "தேவைப்பட்டா அப்பவே திறந்துடுவேன், அது தெரிஞ்சுதான் ஒத்துக்கணும்"னு. அத நான் காதுல வாங்கல, சின்ன ஓட்டைன்னு கேட்டதுமே எனக்கு என் சத்தந்தான் கேட்டுது.

அண்ணே... நான் ஒரு நாளும் சிமெண்ட்டும் கரண்டியும் கையில எடுத்துட்டு சின்ன ஓட்டை போடப் போனதில்ல. ஒரு நாளும். சுவரு உடையலாம்மான்னு முதல்லயே ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இவரு சொல்றாரு. சொன்னதோட நிக்காம ஆள வேற அனுப்பி வழிச்சு வைக்கறாரு.

அப்ப சின்னதே போட்டுக்கறேன். ஆமா. சின்னதுதான். முடிவு பண்ணிட்டேன்.

டப்பாவ மூடிட்டீங்களா? அதுக்குள்ளயா? நெஞ்சு மொழுமொழுன்னு வேற ஆளு நெஞ்சு மாதிரி இருக்கே. அண்ணே, போறதுதான் போறீங்க, ஒரு உதவி. வெளிய பெஞ்சுல ரெண்டு பேரு இருப்பாங்க. அந்தக் கோடில இருக்கறது அக்கா. அதுகிட்ட மெதுவா, டாக்டரே சின்னதுன்னு முடிவு பண்ணிட்டாருன்னு... ஏன் தலைய ஆட்டறீங்க? ஒரு வார்த்தைதானே! அண்ணே! ...அண்ணே?

போயிட்டாரு. கதவ வேற திறந்து போட்டுட்டுப் போறாரு, சட்டை கூட இல்லாம கெடக்கேன்...

இந்தப் போன் ஒண்ணு... சொல்லுங்கம்மா. ...இல்லம்மா. தெருமுனைல இல்ல. ...நான் வரலம்மா. ஆஸ்பத்திரியில இருக்கேன். எனக்கு நாளைக்கு நெஞ்சுல ஆபரேஷன், கொஞ்ச நாளைக்கு வர முடியாது. வேற ஆளப் பாத்துக்குங்க. ...பொய் இல்லம்மா, சத்தியமா. ...அம்மா, இதாம்மா நெசம்! ...அலோ?

நம்பலயே. "எத்தன சாக்குய்யா உனக்கு, வாளி நெறஞ்சுடுச்சு, சீக்கிரம் வா"ன்னு வெச்சுட்டாங்க.

...வரேம்மா. நல்லபடியா எந்திரிச்சா முதல்ல என் வீட்டுக் குழாய், அப்புறம் உங்க வீடுதான்.

அக்கா! ஏ அக்கா! உள்ள வா, ஒரு விஷயம் சொல்லணும். ...இரு, நீ மட்டும் வராத. அந்தப் பக்கம் உக்காந்திருக்காளே, அவளயும் கூட்டிட்டு வா. ...இல்ல, நான் கூப்பிட மாட்டேன். நீதான் கூப்பிடணும்.