நான்காவது கிணறு எங்கள் லைன் வீட்டில் இருக்கிறது

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு நானே என் கையால் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

பெயர் பா. கிருத்திகா. வயது பதினாறு. தகப்பனார் பெயர் பாண்டித்துரை, தாயார் பெயர் அனுசுயா. அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. முகவரி: கதவு எண் 2/117-சி, மருதாள் அம்மாள் லைன் வீடு, காளிக்காட்டுத் தோட்டம், பெருமாநல்லூர் அருகில். பெற்றோருக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். நான் பிறந்தது திருப்பூரில்.

மேற்கண்ட முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். அப்பா எங்கள் வீட்டுக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள சாயப்பட்டறையில் சாயம் போடும் மிஷினில் வேலை செய்கிறார். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். தனியார் பொறியியல் கல்லூரியில் தகவல் அமைப்புகள் துறைப் பேராசிரியராக இருக்கும் ஜெயபாரதி மேடம் மீது அந்தச் சாயப்பட்டறையார் தங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் இடத்தில் நுழைந்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. கிணற்றுத் தண்ணீரின் உப்பு அளவை அறையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதினார் என்பது இன்னொன்று. இதனால் கல்லூரி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, நாளை திங்கட்கிழமை விசாரணை நடத்துகிறது. அந்த இரண்டு குற்றச்சாட்டும் தவறு என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது மேல்படிப்பு பற்றிப் பேச மேடம் எங்கள் பள்ளிக்கு வந்தார். அன்று தன்னைப் பற்றி அவர் சொன்னதாவது: அவர் ஊத்துக்குளிப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண். எம்.சி.ஏ. முடித்து, பனியன் கம்பெனி கம்பெனியாகப் போய் ஆர்டர் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்தார். தான் முன்பு போட்டுக் கொடுத்த அதே சாஃப்ட்வேர்களை எந்தக் கம்பெனியும் ஏன் ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் ஆராய்ச்சி. அப்போது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப நீங்க கோடிங் எழுத மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டான். "எழுதுவேனுங்க தம்பி. ஆனா கோடிங்கைக் கூட படிச்சரலாம், சூப்பர்வைசர் மனசைப் படிக்கறதுதான் சிரமம்" என்று மேடம் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம் இந்தப் புகாருக்கு முக்கியம் என்பதால் அதையும் எழுதுகிறேன். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பனியன்கூடத் தைக்காதது போலவும், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் மொத்தமும் தைத்தது போலவும் பதிவாகியிருந்தது. அது கோளாறான எண், எடுத்துவிடு என்று அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். மேடம் எடுக்கவில்லை. சனிக்கிழமை தோறும் அந்தக் கம்பெனியில் போய் உட்கார்ந்து பார்த்தார். சம்பளம் போடுவதற்கு முன்னால் சூப்பர்வைசர்கள் வாரக் கணக்கு முழுவதையும் அடித்துப் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதனால் பிஎச்.டி. இரண்டு வருடம் தள்ளிப் போனது. ஆனால் அதுதான் அவருடைய ஆய்வேடாக ஆனது, அதை வைத்துத்தான் இணைப் பேராசிரியராகவும் பிறகு பேராசிரியராகவும் ஆனார். "புரியாத நம்பரை அழிக்கக் கூடாதுங்க. அங்க யாரோ என்னமோ செஞ்சிருக்கறாங்கன்னு அர்த்தம்" என்று அவர் சொன்னார். நான் அதை மறக்கவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு, சாயப்பட்டறைகளுக்குப் பக்கத்தில் திறந்த கிணறு உள்ள வீடுகள் தெரியுமா என்று மேடம் கேட்டார். வரிசைக் குடித்தனமான எங்கள் லைன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னது நான்தான். அந்த ஆடி மாதம் அவர் வீட்டுக்கு வந்து, முதலில் வீட்டுக்காரரான மருதாள் அம்மாளிடம் அனுமதி கேட்டார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியும், அதிலிருந்து நீளும் வயரின் முனையில் பேனா போன்ற ஒரு கருவியும் இருந்தன. அதைப் பார்த்த மருதாள் அம்மாள், "ஏனுங்க டீச்சரு, தூண்டிலா போடறீங்க? அந்தக் கெணத்துல மீனு செத்து வருசமாச்சுங்க" என்று சொல்லி, தாராளமாகப் போடச் சொன்னார். ஆகவே அனுமதி இல்லாமல் நுழைந்தார் என்பது சரியல்ல. மருதாள் அம்மாளைக் கேட்டால் சொல்வார்.

அதன் பிறகு மேடம் என் அம்மாவிடம், கருவி தண்ணீரின் உப்பை அளந்து கல்லூரிக் கம்ப்யூட்டருக்குத் தானாக அனுப்பும் என்றும், எந்த வீட்டுக் கிணறு என்பதை எங்கேயும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் உறுதி சொன்னார். அப்பா வேலை செய்யும் இடம் மேடத்துக்குத் தெரியும். கட்டுரையில் எங்கள் கிணற்றுக்கு 'கிணறு நான்கு' என்று மட்டும் பெயர் வைத்தார். புறப்படும்போது, "இதைக் கொஞ்சம் பத்திரமாப் பாத்துக்குங்க அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்.

எங்கள் பகுதியில் இரண்டு தண்ணீர் உண்டு. கிணற்றிலும் போர்வெல்லிலும் வருவது உப்புத் தண்ணீர், துணி துவைக்கவும் புழங்கவும். குழாயில் வருவது நல்ல தண்ணீர், அது எட்டு அல்லது பத்து நாளைக்கு ஒரு முறை வரும். புதுத் தண்ணீர் வரும் நாளில் டிரம்மில் மிஞ்சிய பழைய தண்ணீரைக் கீழே கொட்ட மாட்டோம். அதில்தான் எல்லோரும் தலைக்குக் குளிப்போம், விளக்கும் பாத்திரமும் துலக்குவோம். கருவி இறக்கிய சில வாரங்களில் அதன் முனையில் சுண்ணாம்பு போல வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. நல்ல தண்ணீர் வந்த ஒரு நாள் அம்மா அதைக் கிணற்றிலிருந்து மேலே எடுத்துத் துடைத்து, மிஞ்சிய தண்ணீர் இருந்த வாளியில் இரவு முழுவதும் போட்டு வைத்தார். "பாவம், உப்பு ஏறிப் போய்க் கெடக்கு. அதுக்கும் ஒரு நா நல்ல தண்ணி காட்டுவோம்" என்று சொன்னார். காலையில் திரும்பக் கிணற்றில் விட்டார். அதன் பிறகு நல்ல தண்ணீர் வந்த ஒவ்வொரு முறையும் இப்படியே செய்தார். நான் பார்த்திருக்கிறேன். இது மேடத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கருவி வாளியிலும் அளந்துகொண்டே இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

இந்த வருடம் மேடத்தின் கட்டுரை வெளியானது. மழை பெய்த மறுநாட்களில் ஓடைக்கரைக் கிணறுகளில் உப்பு திடீரென்று ஏறுகிறது என்று அதில் எழுதியிருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். சாயப்பட்டறை மழையோடு மழையாகக் கழிவுத் தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். மழைக்கு மறுநாள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை சாயப்பட்டறை மேனேஜர் வேல்குமார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓடைக்கரையில் குடியிருக்கும் தங்கள் வேலைக்காரர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் போய் வருவதாகச் சொன்னார். கட்டுரையில் இருந்த ஒரு படத்தைத் தன் போனில் அப்பாவிடம் காட்டி, "பாரு பாண்டி, சாயங்காலம் வரைக்கும் உப்பு. ராத்திரி பூராவும் ஆத்துத் தண்ணி. விடிஞ்சா மறுக்கா உப்பு. எந்தக் கெணறுப்பா ராத்திரி டூட்டி பாக்குது? அந்தம்மா ரூமுக்குள்ள உக்காந்து நம்பர் அடிச்சு உட்டிருக்குது" என்றார். பிறகு, "உங்க கெணத்துல ஏதாச்சும் மாட்டியிருந்துதா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். அப்படியானால் கிணற்றில் எந்தக் கருவியும் எப்போதும் இல்லை என்று திங்கட்கிழமை ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடும்படி சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

டீ கொடுக்கும்போது நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். உப்பு இறங்கியிருந்த தேதிகளில் ஒன்று எங்கள் பள்ளி ஆண்டு விழா. அன்று நல்ல தண்ணீர் வந்துவிட்டதால் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் நான் விழாவுக்குப் போகவில்லை, நடனத்தில் எனக்குப் பதிலாக வேறொரு பெண் ஆடினாள். இன்னொரு தேதி தீபாவளிக்கு முந்தின நாள், அன்றும் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. அவர் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "ஆத்தாடி, நான் கழுவி வச்சது அந்தம்மா தலையிலயா விடியணும்?" என்று கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்காமலே நின்றார். அப்பா, "ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருங்க. எனக்கு வேல போச்சுன்னா ஒங்க டீச்சரா வந்து வாடக குடுக்கும்?" என்றார். மறுநாள் காலை அவரே கிணற்றிலிருந்து கருவியை எடுத்து, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, பரணில் காலிக் குடங்களுக்குப் பின்னால் வைத்தார்.

அன்று மதியம் அம்மாவின் போனில் மேடத்தை அழைத்து நடந்ததைச் சொன்னேன். மேடம் வெகு நேரம் சிரித்தார். "அட ஆண்டவா! பேட்டரியா, சிக்னலான்னு நான் மண்டைய ஒடச்சுட்டு இருக்கறேன். உங்கம்மா அதைக் குளிப்பாட்டி உட்டிருக்கறாங்களா!" என்றார். புரியாத அந்த எண்களை எடுத்துவிட்டு மீதியை மட்டும் போட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் என்றும், எடுக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். "அப்ப விசாரணைல இதைச் சொல்லிருங்க மேடம்" என்றேன். "சொன்னா எந்த ஊடுன்னு கேப்பாங்க கண்ணு. சொல்லறதில்லீன்னு உங்கம்மாகிட்டச் சொல்லித்தான் அதை எறக்குனேன்" என்றார். "உங்க வேலை போயிருமே மேடம்?" என்று கேட்டேன். "போனா மறுக்கா கம்பெனி கம்பெனியா சாஃப்ட்வேர் போடப் போறேன். அங்க எனக்கு இன்னும் நல்ல பேருதான். நீ பரிச்சைக்குப் படி" என்றார். போனை வைப்பதற்கு முன் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளியாகவும் இருக்கலாம்.

மேடம் வாக்குக் கொடுத்திருப்பதால் அவர் சொல்ல முடியாது. நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

பரணிலிருந்த கருவியை எடுத்து என் பள்ளிப் பையில் வைத்திருக்கிறேன். பெட்டியும் வயரும் முழுதாக உள்ளன, முனையில் உப்பும் அப்படியே உள்ளது, துடைக்கவில்லை. இதை இந்தத் தாள்களுடன் தங்களிடம் ஒப்படைக்கிறேன். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அதைப் போட்டு வைத்து, கல்லூரிக் கம்ப்யூட்டரில் என்ன எண் வருகிறது என்று பார்க்கலாம். தண்ணீர் திறந்துவிட்ட நாட்களை ஊராட்சித் தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். உப்பு இறங்கிய நாட்களும் அந்த நாட்களும் ஒன்றாக இருக்கும். மற்ற நாட்களின் எண்கள் எங்கள் கிணற்றின் எண்கள். அவற்றை யாரும் அறையில் உட்கார்ந்து எழுதவில்லை.

இதனால் என் அப்பாவுக்கு வேலை போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் இந்தப் புகாருக்குச் சம்பந்தப்பட்டது அல்ல என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு எழுதவில்லை.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் போன் வெளிச்சத்தில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா எழுந்து வந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் சிறிது நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். என் பை திறந்திருந்தது, பனியன் வேஸ்ட் வெளியே தெரிந்தது. அதன் பிறகு, "இருட்டுல எழுதாத தாயி, கண்ணு கெட்டுப் போகும்" என்று சொல்லி டியூப் லைட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் இதைப் படித்தாரா என்பது எனக்குத் தெரியாது. படித்ததாக அவர் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தை லைட் வெளிச்சத்தில் எழுதினேன்.

நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில், அப்பாவின் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால், இதை நேரில் கொண்டுவந்து தருவேன். இதில் கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும், காதால் கேட்டதைக் கேட்டது என்றும் எழுதியிருக்கிறேன், இரண்டையும் கலக்கவில்லை. எழுதி முடித்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. எவரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. வயது குறைந்தவர்களின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைப்பது வழக்கம் என்று தெரியும். என்னுடையதை மறைக்க வேண்டாம் என்றும், இந்தத் தாள்களைக் கல்லூரி விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாளை விசாரணையில் எந்த வீடு என்று மேடத்தைக் கேட்கும்போது அவர் பேசாமல் இருப்பார். அப்போது இந்த முகவரியை வாசியுங்கள்.

(ஒப்பம்)
பா. கிருத்திகா
கதவு எண் 2/117-சி, மருதாள் அம்மாள் லைன் வீடு,
காளிக்காட்டுத் தோட்டம்.