கவரில் போட்ட ஸ்கோப்

கொடியில் துணி தொங்கினால் எனக்குக் கை சும்மா இருக்காது, சார். மடித்து வைத்தால்தான் மனசு ஆறும். நாசரேத்திலிருந்து வந்து, மண்ணரை பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் பேக்கிங் பார்த்தவன். என் கவரில் ஒரு சுருக்கம் காட்டியவர் கிடையாது.

2006-ல் இந்த ஆஸ்பத்திரியில் ஸ்கோப் அறையைக் கொடுத்தார்கள். நுரையீரலுக்குள் விட்டுப் பார்க்கிற குழாய், மொத்தம் இரண்டு. கழுவி, மருந்தில் ஊறவைத்து, உள்ளே காற்றடித்து உலர்த்தி, அலமாரியில் நேராகத் தொங்கவிட வேண்டுமாம். எனக்கு அது சகிக்கவில்லை. என் பொறுப்பில் இருந்ததைச் சுருட்டி, பாலிதீன் கவரில் போட்டு, ஈரத்தை இழுக்க ஒரு சிலிக்கா பொட்டலமும் வைத்து ஒட்டினேன். ஏற்றுமதிக்கே இதுதான் பேக்கிங்.

இன்னொரு ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பழனியம்மாளுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, குழாய்க்குள்ள ஈரம் நிக்குதுங்க. கவருக்குள்ள கிருமி பெருகிப்போயிருமுங்க."

"வெளிய வச்சா தூசி அடையும்லா பிள்ள" என்றேன். அவள் தன்னுடையதைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆடி மாதம் என் ஸ்கோப் போட்ட இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டது. ஒருவர் தேறிவிட்டார். என் ஸ்கோப்பில் கிருமி இருப்பதாக லேபிலிருந்து காகிதம் வந்தது. அதையும் மடித்து மேஜைக்குள் வைத்தேன். கசங்காமல் இருக்கும், பாருங்கள்.

பிறகு பழனியம்மாளின் அப்பா ஆத்தப்பன் சேவூரிலிருந்து இருமலோடு வந்தார். அன்றைக்கு அவள் கெஞ்சியே விட்டாள்.

"அப்பனுக்குத் தொங்கறத எடுத்துக் குடுங்கண்ணா. உங்க கால்ல வேணும்னாலும் உழுகறனுங்க."

எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது, சார். பதினோரு வருஷ வேலையை நம்ப மாட்டேன் என்கிறாளே. "சரி பிள்ள" என்று சொன்னேன். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, கவரைப் பிரித்து என்னுடையதை டாக்டரிடம் கொடுத்தேன். பெரியவர் நல்லபடியாக ஊர் திரும்பியதும் விஷயத்தைச் சொன்னால், அவளே கவர் கேட்டு வருவாள் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

ஆமாம், கிருமி இருப்பது தெரிந்துதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாட்சிக்கு எடுத்துப் போகிற ஸ்கோப்பை உங்கள் ஏட்டையா இப்படித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். என்னிடம் நல்ல கவர் இருக்கிறது. தூசி பட்டால் நோயாளிகளுக்கு ஆகாது.