இருபத்தஞ்சுல நாம இல்ல

இல்ல தம்பி, கோவத்துல பேசல. எண்ணிப் பாத்துட்டுப் பேசறேன். போன சனிக்கிழமை டிவில நம்ம காலேஜ் ஃபுட்பால் ஆட்டம் மூணே கால் மணி நேரம் ஓடுச்சு. அதுல எதிர் டீம் கோச்சோட நாயைப் பதினோரு தடவ காட்டினாங்க. ஆமா, நாயைத்தான். தொப்பி போட்ட நாய். நம்ம பையன் அறுபது கஜம் பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடிப்போய் டச்டவுன் போட்டானே, அப்ப எங்க இருந்தாங்க? டிரக் விளம்பரத்துல இருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா ஸ்கோர் மாறியிருக்கு. ஏன் மாறிச்சுன்னு ஒருத்தன் வாயத் தொறக்கல.

தற்செயலா? சரி. பதினோரு தடவ தற்செயல். குறிச்சுக்கறேன்.

உக்காரு, ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கு, இந்தப் பார்க்கிங் மைதானத்துல நின்னுக்கிட்டே இருந்தா கால் விறைச்சுப் போயிடும். அந்த மடக்கு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கோ. இந்தா, கிண்ணத்தைப் பிடி. மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட சில்லி, எங்க வீட்டுக்காரர் விடியக்காலைலேருந்து கிண்டிக்கிட்டு இருக்காரு. அந்த சின்னமன் ரோலை அதுல முக்கிச் சாப்பிடணும். மூஞ்சியச் சுளிக்காத. நீ ஒரிகன்லேருந்து வந்து பத்து நாள்தான் ஆகுது, உனக்குத் தெரியாது. கேன்சஸ்ல பள்ளிக்கூடத்துலயே புள்ளைங்களுக்கு இப்படித்தான் போடுவாங்க. இனிப்பும் காரமும் சேந்து உள்ள போனாத்தான் இந்தக் குளிருக்கு உடம்பு தாங்கும்.

விதை கம்பெனில வேலையா? நல்லது. இந்த ஊர்ல இருக்கப் போறேன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நம்ம ஹார்விக் கல்லூரி டீமைப் பத்தி இந்த நாட்டுல எவனும் நல்லது எழுத மாட்டான். நீர்நாய்னு பேரு வெச்சதே தப்புன்னு ஒருத்தன் ஒரு பக்கம் எழுதினான். மத்தவங்க எல்லாம் புலி, கரடின்னு வெச்சிருக்காங்களாம். நீர்நாய் கடிச்சு நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். புலி தேவலாம்.

என் பேர் வெர்னா. ரசிகர் மன்றத்துக்குப் பதினோரு வருஷமா நான்தான் செயலாளர். அதோ, ஆரஞ்சு கலர் ஓவர்ஆல் மாட்டிக்கிட்டு மெகாஃபோனோட ஒரு ஆளு நிக்கிறாரு பாரு, அவரு டுவேன் உன்ரூ, தலைவர். பல் டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. முப்பது வருஷம் வாயத் தொறந்து வெச்சவங்க கிட்டயே பேசிப் பேசி, மத்தவங்க பதில் சொல்லுவாங்கங்கறதே அவருக்கு மறந்து போச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்தப் பேப்பர்ல உன் கையெழுத்து வேணும்.

என்னத்துக்குன்னா, இதுக்குத்தான். அம்பத்தெட்டு விளையாட்டு நிருபருங்க வாரா வாரம் ஞாயித்துக்கிழமை ஆளுக்கு இருபத்தஞ்சு டீமை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவாங்கல்ல, உங்க ஊர்லயும் பாத்திருப்பியே. யாரு யாரை எங்க வெச்சாங்கன்னு திங்கக்கிழமை பேரோட வெளிய வந்துடும். நாம ஒம்பது ஆட்டம் ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்திருக்கோம். அந்த ஒண்ணும் எதிர்காத்து அடிச்சதாலதான் தோத்தோம். அம்பத்தேழு பேர் நம்மளப் பத்துலேருந்து பதினாறுக்குள்ள வெச்சிருக்காங்க. அதுவே குறைச்சல்தான், நியாயமாப் பாத்தா பதினொண்ணு நம்ம இடம். ஆனா ஒரே ஒருத்தி, கொரின் கில்ஃபாயில்னு, அந்தப் பெரிய டவுன் பேப்பர்ல எழுதறவ, அவ லிஸ்ட்ல நாம எங்கயுமே இல்ல. இருபத்தஞ்சுலயும் இல்ல. தேடித் தேடிப் பாத்தோம். டுவேன் பேப்பரைத் திருப்பிக் கூடப் பாத்தாரு.

ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளி உண்டு; அவ ஒருத்தி ஓட்டால நாலு புள்ளி வித்தியாசத்துல பன்னெண்டுலேருந்து பதிமூணுக்கு விழுந்துட்டோம். பன்னெண்டு டீம்தான் பெரிய போட்டிக்குப் போகும். இப்பப் புரியுதா, ஊர் ஏன் கொதிக்குதுன்னு? முடிவெட்டற கடைல போன வாரம் அவ பேரைச் சொல்லி ஒருத்தருக்கு மூச்சுத் திணறல் வந்து உக்கார வெச்சு விசிறினாங்க.

அதான் மன்றம் கூடித் தீர்மானம் போட்டோம். அந்தப் பேப்பர் முதலாளிக்கு டுவேன் எழுதினாரு. வாசகருங்க ரெண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு, வர்ற திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்து குடுத்தா, அந்த ஓட்டை அவகிட்டேருந்து பிடுங்கிடறேன்னு அந்த ஆளு பதில் போட்டிருக்கான். ஓட்டுப் போச்சுன்னா பத்தியும் போச்சு, வேலையும் போச்சு. விளையாட்டுப் பக்கத்துல நாலு பேர் இருந்த எடத்துல இப்ப ரெண்டு பேர்தான், இன்னொண்ணைக் கழிச்சு விட அவனுக்கும் ஒரு சாக்கு வேணும். எனக்கு அது தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

பாவமா? நீ நல்ல பையன். ஆனா நீயே படிச்சுப் பாரு, இந்த மனுவை நான்தான் எழுதினேன். ஒரு வார்த்தை அதிகம் கிடையாது. ஓரவஞ்சனைன்னு எழுதியிருக்கேன், அது ஓரவஞ்சனைதான். எங்க ஒம்பது ஜெயிப்பும் நோஞ்சான் டீமுங்களோடன்னு அவ எழுதினதுக்கு, பேர் பேரா, ஸ்கோரோட பதில் குடுத்திருக்கேன். அதுல ரெண்டு டீம் நோஞ்சான்தான், அதை விட்டுட்டேன்.

பேனா எழுதலையா? குளிர்ல மை உறைஞ்சிருக்கும். ரெண்டு கையாலயும் வெச்சுத் தேயி. வாயால ஊது. ம், இப்ப வரும். இது இன்னிக்கு ஆரம்பிச்ச புதுத் தாள், பதினேழாவது வரி உன்னோடது. முதல் வரில லாய்டுன்னு இருக்கு பாரு, அது எங்க வீட்டுக்காரரு.

ஃபோன்ல ஏன் பண்ணலன்னா கேக்கற? எல்லாரும் கேக்கறாங்க. சர்ச் கீழ்த்தளத்துல கூட்டம் போட்டப்போ டுவேனும் அதையேதான் சொன்னாரு, நெட்டுல போட்டா ஒரே நாள்ல ரெண்டாயிரம் வந்துடும்னு. நான்தான் எந்திரிச்சு, முதலாளி பழைய காலத்து ஆளு, மையால போட்ட கையெழுத்தைத்தான் மதிப்பான்னு சொன்னேன். அவனை நான் பாத்ததே இல்ல. பேப்பரை எல்லாம் வாங்கி வெக்கறதுக்கு யாருன்னு கேட்டாங்க. நானேன்னேன். பார்க்கிங் மைதானம் மொத்தமும் நானே சுத்தறேன்னேன். கை தட்டினாங்க.

எவ்வளவு சேந்திருக்கா? டுவேன் கிட்ட முந்நூறுன்னு சொல்லியிருக்கேன்.

ஏய், ஏய், என்ன பண்ற? ஃபோட்டோ எடுக்காத. எதுக்கு எடுக்கற? உதவியா? நெட்டுல போட்டு விடறியா? ஐயோ, யாரும் உன்னை உதவி கேக்கலப்பா! அனுப்பிட்டியா? இன்னும் அனுப்பலையே? காட்டு. அழி. என் கண்ணு முன்னாடி அழி. குப்பைத்தொட்டி மாதிரி ஒண்ணு இருக்குமே, அதுலேருந்தும் அழி.

அப்பாடி.

இப்படி வா. டிரக்குக்கு அந்தப் பக்கம் போயிடலாம், டுவேன் இங்கயே பாக்கறாரு. ஒண்ணுமில்ல டுவேன்! பையனுக்கு டாய்லெட் எங்கன்னு காட்டறேன்!

உன்கிட்டச் சொல்லலாம், உனக்கு இந்த ஊர்ல இன்னும் யாரையும் தெரியாது. முந்நூறு இல்ல தம்பி. ஆயிரத்து எண்ணூத்து நாப்பது. இன்னிக்கு இந்த மைதானத்துல வாங்கினதோட ரெண்டாயிரம் தாண்டிடும். எல்லாம் எங்க வீட்டு ஃப்ரீசர்ல இருக்கு, மான்கறிக்கு அடில. அது அங்கேருந்து வெளிய வராது. திங்கக்கிழமை காலைல டுவேன் கிட்டப் போய், முந்நூத்தம்பதுதான் தேறிச்சு, ஜனங்களுக்கு அக்கறையே போயிடுச்சுன்னு சொல்லிட்டு, ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுட்டு வந்துடுவேன். வேற யாராவது இந்த வேலையை எடுத்திருந்தா நேர்மையாப் பண்ணிக் கெடுத்திருப்பாங்க, அதான் நானே எடுத்துக்கிட்டேன்.

ஏன்னா, கொரின் என் பொண்ணு. கில்ஃபாயில்ங்கறது அவ புருஷன் பேரு. நான் லாய்டைக் கட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வர்றப்பவே அவ வேலைக்குப் போயிட்டா, இங்க யாரும் அவளைப் பாத்ததில்ல. வந்தாலும் சனிக்கிழமைல வர மாட்டா. அன்னிக்கு அவளுக்கு வேலை, எனக்கும் வேலை.

லாய்டுக்கா? தெரியும். தெரிஞ்சுதான் இன்னிக்கு முதல் கையெழுத்துப் போட்டாரு. ஞாயிறுலேருந்து வெள்ளி வரைக்கும் அவ என் மக, சனிக்கிழமை மட்டும் கிடையாதுன்னு சொல்லிட்டாரு. ஆனா ஃப்ரீசர்ல எடம் பண்ணிக் குடுத்ததும் அவருதான். ரெண்டு தொடைக்கறியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாரு.

அவ பண்ணது தப்பா இல்லையான்னா கேக்கற? தப்புதான்! சந்தேகமே வேண்டாம். இருபத்தஞ்சுல கூட இல்லைன்னா அது அநியாயம் தம்பி, பெத்தவளா இருந்தா என்ன, அநியாயம் அநியாயம்தான். வேற எவ பொண்ணாவது இப்படிப் பண்ணியிருந்தா, இந்தப் பேப்பர்க் கட்டைத் தலைல தூக்கி வெச்சுக்கிட்டு இருநூறு மைல் நடந்தே போய்க் குடுத்துட்டு வந்திருப்பேன். எனக்கு வயிறு எரியுது. வரிசை வந்த அன்னிக்கு ரெண்டு தட்டை உடைச்சேன்.

ஏன் பண்ணான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அம்மா ஊர் டீமைத் தூக்கி வெச்சுட்டான்னு நாளைக்கு எவனும் பேசிடக் கூடாதுன்னு, ஒரேயடியாக் கீழ தள்ளிட்டா. அவ அப்படித்தான். பத்தொம்பது வயசுல மாவட்டச் சந்தைல பை சுடற பலகாரப் போட்டிக்கு அவளை நடுவராப் போட்டாங்க. புளிப்புத் தண்டு வெச்சு நான் சுட்ட ருபார்ப் பையும் அங்க இருந்துச்சு. மத்த ரெண்டு நடுவரும் முதல் பரிசுன்னு எழுதினாங்க. இவ மட்டும் மூணாவதுன்னு எழுதினா. வீட்டுக்கு வந்து மிச்சத்தை அவளே முழுசாச் சாப்பிட்டா. நேர்மையா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு அவ பண்ற ஓரவஞ்சனை, மத்தவங்க ஓரவஞ்சனையை விட மோசம். அதை யாரும் மனு எழுதி நிறுத்த முடியாது.

இல்லப்பா, அவளுக்கு எதுவும் தெரியாது. நாங்க ஆட்டத்தைப் பத்திப் பேசிக்கறதே இல்ல. அவ நாய்க்குட்டி, என் முட்டிவலி, அவ்வளவுதான் பேச்சு. நேத்து சாயந்திரம்தான் வழக்கமில்லாம அவளே கேட்டா. ஏம்மா, உங்க ஊர்ல எல்லாருக்கும் என் மேல ரொம்பக் கோவமான்னு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. பயந்திருக்கா போலன்னு நெனச்சேன். அவ நிம்மதியாத் தூங்கட்டும்னு, அட போடி, இங்க யாரு அந்தப் பேப்பரைப் படிக்கறா, உன் பேரே யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

அப்படியான்னு கேட்டா. அதுக்கப்புறம் நாய்க்குட்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சுட்டா.

பாத்திரம் கழுவறப்பத்தான் எனக்கு உறைச்சுது. இருபது வருஷமா எழுதறவ தம்பி அவ. ரெண்டாயிரம் பேர் அவளைக் கரிச்சுக் கொட்டறாங்க, ஒவ்வொரு வரியையும் மனப்பாடமா வெச்சுக்கிட்டுத் திட்டறாங்க. அதை மறைச்சுட்டு, உன்னை ஒருத்தரும் படிக்கறதில்லைன்னு பெத்த தாயே சொல்லிட்டேன்.